திருவிழாவும் திருவலகும்



பேராக் மாநிலத்தில் நாம் எடுக்கும் திருவிழாக்களைப் பற்றியும், அவை முடிந்தபின் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் எஞ்சி நிற்பவற்றைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். மொழி மன்றத்தின் மேடையில் குப்பையைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். பேசலாம் என்பதே என் எண்ணம். நம் முன்னோர் இதைப் பற்றி எப்படி நினைத்தார்கள் என்பதற்கான சான்று, வேறெங்கும் இல்லாத தெளிவோடு நம் சொற்களில் இருக்கிறது. சொல்லைக் காப்பது மொழி மன்றத்தின் கடமை என்றால், அந்தச் சொல் சுட்டிய செயலைக் காப்பதும் அக்கடமையுள் அடங்கும்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். விழாவைச் சுருக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. விழாக் களத்தைத் தூய்மை செய்வது வழிபாட்டின் ஓர் அங்கம் என்று கருதிய மரபு நமக்கு உண்டு. அந்த அங்கம் நம் கையை விட்டுப் போய்விட்டது. அதை மீட்டுக்கொண்டால் மற்றத் திருத்தங்கள் பெரும்பாலும் தாமே தொடரும். கூட்டப்போகிறவன் தானே என்று அறிந்தவன், எதைக் கொண்டுவருவது, எதைத் தவிர்ப்பது என்பதை விழாவுக்கு முன்பே எண்ணிப் பார்ப்பான்.

சொற்களில் உள்ள சான்று

துடைப்பத்திற்குத் தமிழில் 'அலகு' என்றொரு பெயர் உண்டு. கோயிலைக் கூட்டும் துடைப்பத்தைச் சைவ மரபு 'திருவலகு' என்றது. தரையைச் சாணமிட்டு மெழுகுவதைத் 'திருமெழுக்கு' என்றது. திருநீறு, திருமுறை, திருமேனி என்று உயர்ந்தவற்றின்முன் சேர்க்கும் அதே 'திரு' என்னும் அடைமொழியைத் துடைப்பத்துக்கும் சாணத்துக்கும் கொடுத்த மொழி நம்முடையது. இதனை வெறும் சொல்லணியாகக் கொள்ளக் கூடாது. அந்தப் பணிக்கு அந்தச் சமுதாயம் என்ன மதிப்பைக் கொடுக்க விரும்பியது என்பதைக் காட்டும் சான்றாகவே கொள்ள வேண்டும்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருவதிகைக் கோயிலில் இப்பணிகளைச் செய்தவராகக் காட்டப்படுபவர் திலகவதியார். அவருடைய தம்பி திருநாவுக்கரசர். அப்பர் என்று நாம் அழைக்கும் அப்பெருமானின் திருவுருவத்தைக் கோயில்களில் பாருங்கள். அவர் கையில் இருப்பது வேலோ சூலமோ அன்று. புல் செதுக்கும் உழவாரப்படை. 'படை' என்பது ஆயுதத்தைக் குறிக்கும் சொல். நோய், பகை, மன்னனின் சினம் எல்லாவற்றையும் எதிர்கொண்ட ஒருவர் ஏந்திய ஒரே படைக்கலம் துப்புரவுக் கருவி என்பதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். அவரும் அவர் தமக்கையாரும் ஏவலுக்கு ஆளில்லாத வறியவர்கள் அல்லர். வேளாண் குடியில், மதிப்புள்ள குடும்பத்தில் பிறந்தவர்கள். துப்புரவு எவரோ சிலரின் தலையெழுத்து என்று உலகம் எண்ணிய காலத்தில் அதனைத் தாமே விரும்பிக் கையில் எடுத்தவர்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். மயிலாப்பூர்க் கபாலீச்சரத்தில் நிகழ்ந்த திருவிழாக்களைத் திருஞானசம்பந்தர் தம் பதிகம் ஒன்றில் வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் தைப்பூசமும் ஒன்று. சம்பந்தரும் அப்பரும் ஏழாம் நூற்றாண்டில் ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒருவரையொருவர் சந்தித்தவர்கள். தைப்பூசம் பாடப்பட்ட அதே நூற்றாண்டில்தான் உழவாரமும் வழிபாடாயிற்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக முன்னதை விடாமல் காத்துவந்த நாம், பின்னதை எங்கே விட்டோம்?

கோயிலில் சாத்திக் களைந்த பூவுக்குக்கூட நம்மிடம் தனிப்பெயர் உண்டு. அதை 'நிர்மாலியம்' என்கிறோம். அது காலில் மிதிபடக் கூடாது என்பது வழக்கம். பயன் முடிந்த ஒரு பொருள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் கருதிய மரபு இது. வள்ளுவரும் வான்சிறப்பு என்னும் அதிகாரத்தில், மழை பொய்த்தால் வானோர்க்கு எடுக்கும் விழாவும் நாள்தோறும் செய்யும் பூசையும் நடைபெறமாட்டா என்ற கருத்தை வைக்கிறார். இயற்கை நிலைத்தால்தான் விழா நிலைக்கும் என்பது நமக்குப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டிய பாடம் அன்று.

தோட்டத்துத் திருவிழா

இந்த மரபு நம் மாநிலத்தில் எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு தளர்ந்தது என்பதைக் காண்போம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் இம்மாநிலமெங்கும் பால்மரக் காடுகள் பரவின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், லயத்து வீடுகளுக்கு அருகில் ஒரு மாரியம்மனையோ முனியாண்டியையோ காளியையோ நிறுவி, ஆண்டுக்கொரு முறை திருவிழா எடுத்தார்கள்.

அந்தத் திருவிழாவின் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பந்தலுக்குத் தென்னங்கீற்றும் மூங்கிலும். தோரணத்திற்கு மாவிலையும் குருத்தோலையும். வாசலுக்கு வாழைமரம். விளக்கு மண்ணகல். கரகத்திற்கு வேப்பிலை. சோறு வாழையிலையில். நீர்மோர் செம்பிலும் குவளையிலும். விழா முடிந்த மறுநாள் கீற்று அடுப்புக்குப் போகும். எச்சில் இலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகும். பூவும் வேப்பிலையும் மரத்தடியில் மக்கும். மண்ணிலிருந்து வந்தவை மண்ணுக்கே திரும்பின.

ஆனால் இதனைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக்கிப் பாட நான் வரவில்லை. குறைந்த கூலியும் கள்ளுக்கடையும் நோயும் கல்வியின்மையும் நிறைந்த வாழ்க்கை அது. அங்கே குப்பை குறைந்திருந்ததற்கு ஒரு காரணம், வாங்கிக் குவிக்கப் பணம் இல்லாமை. மற்றொரு காரணம், நெகிழி இன்னும் அங்கே வந்து சேராமை. வறுமையால் விளைந்த சிக்கனத்தை அறம் என்று சொல்லிவிட முடியாது. எனவே தோட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வறுமையை அன்று, அதன் முறையை. பந்தல் போட்ட கைகளே பந்தலைப் பிரித்தன. சமைத்தவர்களே அண்டாவைக் கழுவினார்கள். விழா நடந்த திடலில்தான் மறுநாள் தம் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பதால், அதைக் கூட்டாமல் விட எவருக்கும் மனம் வரவில்லை. விழாவை அனுபவித்தவரும் அதன் எச்சத்தைச் சுமந்தவரும் ஒருவரே. இதுதான் அதன் உயிர்நிலை.

தோட்டம் கலைந்த பின்

1950களின் இறுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்தத் துயரத்துக்கு விடையாகத்தான், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. எனினும் காலத்தின் ஓட்டம் வலியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தார்கள். சில இடங்களில் மக்கள் போனபின்னும் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. திருவிழா நாளில் மட்டும் பழைய குடும்பங்கள் கார்களில் வந்து கூடிக் கலைகின்றன.

இந்தப் பெயர்ச்சியில் நம் வழிபாடு சிதையவில்லை, அதற்காகப் பெருமைப்படலாம். சிதைந்தது பொறுப்பின் முறை. நகரத்தில் விழா நடக்கும் சாலை நம் வீட்டு வாசல் அன்று. மாடு இல்லை, இலையைத் தின்ன. குழி இல்லை, பூவைப் புதைக்க. மாநகர் மன்றத்தின் துப்புரவுத் தொழிலாளி விடியுமுன் வருவார் என்று எல்லாரும் அறிவோம். ஆகவே பொருள் மாறியதோடு, அதைக் கூட்டும் கையும் மாறியது. விழா நம்முடையது, எச்சம் பிறருடையது என்றாயிற்று. அந்தப் பிறரும் பெரும்பாலும் குறைந்த கூலிக்கு உழைக்கும் எளியவர்களே. ஒரு காலத்தில் பிறர் செல்வத்துக்காக இருட்டில் எழுந்து பால் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் விழாவின் கழிவுக்காக இன்னொருவர் இருட்டில் எழுகிறார் என்பதை நாம் உணராமல் இருக்கலாமா?

ஈப்போவில் ஒரு தைப்பூச நாள்

பேராக்கில் தைப்பூசம் பொது விடுமுறை நாள். ஈப்போவில் புந்தோங், சுங்கை பாரி மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத்திற்குப் பால்குடங்களும் காவடிகளும் செல்கின்றன. இந்தக் காட்சியில் மூன்று பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்வோம்.

முதலாவது, தேங்காய். தேர் வரும் வழியில் தேங்காய் உடைப்பது நேர்த்திக்கடன். ஒரு தேங்காய் உடைத்த இடத்தில் நூறு உடைப்பதும், நூறு உடைத்த இடத்தில் ஆயிரம் உடைப்பதும் இன்று ஒரு போட்டியாகவே வளர்ந்துள்ளது. உடைந்த ஓட்டில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். கால்வாயோரத்தில் அள்ளப்படாமல் ஒதுங்கிய சில ஓடுகள், விழா முடிந்து சில வாரங்களில் டிங்கிக் காய்ச்சலாகத் திரும்பிவரக் கூடும். காய்ச்சலில் விழுவது உடைத்தவரின் பிள்ளையாகவும் இருக்கலாம், உடைக்காதவரின் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, பால். பால் தூய பொருள். அதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கத் தோன்றும். ஆற்றில் அதற்கு வேறொரு கணக்கு. நீரில் கலந்த உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளியை அவை எடுத்துக்கொள்கின்றன. அந்த உயிர்வளித் தேவை வீட்டுக் கழிவுநீருக்கு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். பாலுக்கோ ஏறத்தாழ 100,000 மில்லிகிராம். ஒரு குடம் பால் கால்வாயில் இறங்கினால் பல நூறு குடம் சாக்கடை நீர் இறங்கியதற்கு ஒப்பாகும். மீனுக்கு மூச்சு முட்டும். முருகனுக்கு ஆட்டிய பால் அடியவர் வயிற்றுக்குப் போனால் பிரசாதம். கால்வாய்க்குப் போனால் கழிவு.

மூன்றாவது, தண்ணீர்ப் பந்தல். வழிநடப்போரின் தாகம் தீர்க்கும் இந்த அறம் தமிழர்க்குத் தொன்மையானது. இன்று அதன் கருவி ஒருமுறை குடித்து எறியும் குவளை. காகிதக் குவளைதானே, மக்கிவிடும் என்று நினைப்போம். நீர் ஊறாதிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் படலம் பூசப்பட்டிருக்கிறது. அதனால் அது எளிதில் மக்குவதில்லை, மறுசுழற்சிக்கும் எளிதில் உதவுவதில்லை. உணவு தரும் வெண்ணிற நுரைப்பெட்டியோ மக்குவதே இல்லை. நொறுங்கி நொறுங்கி மணலோடு மணலாகக் கலக்கிறது. மீந்த சோறு குப்பைமேட்டின் ஆழத்தில் காற்றின்றி அழுகும்போது வெளிவரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவில் புவியை வெப்பமாக்குகிறது.

இவை எல்லாம் எங்கே போகின்றன? சாலையோரக் கால்வாயில் இறங்குபவை சுங்கை பாரியை அடையும். அது கிந்தா ஆற்றில் கலக்கும். கிந்தா, பேராக் ஆற்றில் கலக்கும். பேராக் ஆறு தெலுக் இந்தானைக் கடந்து, பாகான் டத்தோ வட்டாரத்தில் கடலை அடையும். பாகான் டத்தோ எதற்குப் பெயர்பெற்றது? தென்னைக்கு. அந்தத் தென்னந் தோட்டங்களில் உழைத்தவர்களும் நம் தமிழர்களே. தேங்காய் தந்த மண்ணுக்கு நாம் ஆற்று வழியே திருப்பி அனுப்புவது குவளையும் நுரைப்பெட்டியும் என்றால், அது கைம்மாறு ஆகுமா?

இரண்டு மறுப்புகள்

இவ்வாறு பேசும்போது வழக்கமாக இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் மதிக்கத் தக்கவை.

முதல் மறுப்பு: கிந்தாப் பள்ளத்தாக்கை ஈயச் சுரங்கங்கள் குடைந்தன, சுண்ணாம்புக் குன்றுகளைக் கல்லுடைப்பு நிறுவனங்கள் தின்கின்றன, ஆண்டு முழுதும் ஆலைகள் புகைக்கின்றன. ஓரிரு நாள் விழாவையா குறை சொல்வது? அளவைக் கொண்டு பார்த்தால் இம்மறுப்பு சரியே. ஆனால் சுரங்கத்தையும் ஆலையையும் நிறுத்தும் அதிகாரம் நம் கையில் இல்லை. நம் வீட்டுப் பால்குடமும் நம் பந்தல் குவளையும் நம் கையில் இருக்கின்றன. அதற்கும் மேலாக ஒன்று உண்டு. கல்லுமலை போன்ற குன்றுகளில் நம் தெய்வங்கள் உறைகின்றன. அவற்றைக் காக்கவேண்டும் என்று நாம் நாளை குரல் எழுப்ப நேரலாம். தம் விழாக் களத்தைத் தூய்மையாக விட்டுச் செல்லும் மக்களின் குரலுக்கே அங்கே எடை இருக்கும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் நுட்பமானது: நாம் இந்நாட்டில் சிறுபான்மையினர், நம் விழாவை நாமே குறை சொன்னால் பிறர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த அச்சத்திற்குக் காரணங்கள் உண்டு. அதை எள்ளி நகையாட முடியாது. ஆயினும் குறை இருப்பதை மற்றவர் கண்ணும் காண்கிறது. நாம் பேசாதிருந்தால் அந்தப் பேச்சைப் பிறர் பேசுவர்; அப்போது அதில் பரிவு இராது, மரபறிவும் இராது. எந்தச் சடங்கு உயிரானது, எது அண்மையில் ஒட்டிக்கொண்ட ஆடம்பரம் என்று பிரித்தறியக் கூடியவர் உள்ளிருப்பவரே. ஆகவே இந்தத் திருத்தம் நம் மொழியில், நம் அவையில், நம் வாயிலிருந்து தொடங்குவதே நமக்குப் பாதுகாப்பு.

வழிகாட்டிய ஊர்கள்

அவ்வாறு உள்ளிருந்து தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. மழைக்காலத்தில் பறவைகள் அங்குள்ள கண்மாய்களுக்கு வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். தீபாவளியும் அதே பருவத்தில் வரும். வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி ஊர் மக்கள் பறவைகள் அஞ்சக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் தீபாவளியை விட்டுவிடவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், பலகாரம் சுடுகிறார்கள், புத்தாடை உடுத்துகிறார்கள். விருந்தாளி தூங்கும் வீட்டில் சத்தம் போடாதிருப்பது போன்ற இயல்பான பண்பு அது. சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே வந்த பண்பு. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் மட்டுமே வெடிக்கலாம் என்று வரையறுக்கப்பட்டது.

பட்டாசின் கேட்டை மலேசியர்களாகிய நாம் வேறு வகையிலும் அறிவோம். 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். வானில் பூக்கும் பச்சை நிறத்துக்குப் பேரியமும் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியமும் காரணம் என்று வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வார்கள். அந்த உலோகங்கள் ஒளி அணைந்ததும் மறைந்துபோவதில்லை. புகையோடு மூச்சிலும் சாம்பலோடு மண்ணிலும் சேர்கின்றன.

பிள்ளையார் சதுர்த்திக்கு வருவோம். 'பிடித்து வைத்தால் பிள்ளையார்' என்பது நம் வழக்கு. பிடி மண், பிடி மஞ்சள், பிடி சாணம் இவையே தெய்வ வடிவம் கொண்டன. ஒரு கைப்பிடி அளவே தெய்வத்துக்குப் போதுமாயிருந்தது. களிமண் நீரில் கரைந்து மண்ணாகும். பாரிஸ் சாந்து என்னும் சுண்ணக்கலவையோ எளிதில் கரையாது. அதன்மேல் பூசும் வண்ணங்களில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருப்பதுண்டு. இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகள் இந்தச் சாந்துச் சிலைகளை விலக்கின. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இது வழக்காகி, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழியாக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இச்சிலைகளுக்கு இருந்த தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. நீதிமன்றம் வரை போகாமலே 'பிடி' என்ற ஒரு வினைச்சொல் நமக்கு விடை சொல்லியிருக்கும்.

நம் நாட்டில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தைப்பூசத்தை ஒட்டித் தேங்காய் உடைப்பதைக் குறைக்குமாறு பல ஆண்டுகளாக வேண்டுகோள் விடுத்து வந்திருக்கிறது. தேங்காயை இறக்குமதி செய்யும் நாட்டில், உண்ணும் பொருளைச் சாலையில் சிதறவிடுவது தகுமா என்ற கேள்வியை அது எழுப்பியது. நேர்த்திக்கடனுக்கு ஒரு தேங்காய் போதும். எஞ்சிய தொகையை ஓர் ஏழை மாணவனின் கல்விக்குக் கொடுத்தால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

துப்புரவு உபயம்

இனிச் செயலுக்கு வருகிறேன். நம் ஆலயத் திருவிழா அழைப்பிதழ்களில் 'உபயம்' என்றொரு பட்டியல் இருக்கும். அபிடேக உபயம், மலர் உபயம், விளக்கு உபயம், அன்னதான உபயம், மேளக் கச்சேரி உபயம் என ஒவ்வொன்றையும் ஒரு குடும்பமோ ஒரு குழுவோ ஏற்றிருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்குமாறு ஆலயப் பொறுப்பாளர்களை வேண்டிக்கொள்கிறேன். அது 'துப்புரவு உபயம்'. விரும்பினால் 'உழவார உபயம்' என்றும் சொல்லலாம். அதை ஏற்பவர் பணம் கட்டினால் மட்டும் போதாது. தம் குடும்பத்தோடு விழாவின் இறுதியில் துடைப்பம் ஏந்த வேண்டும். மற்ற உபயகாரர்களுக்குக் கட்டும் அதே பரிவட்டத்தை, அவர்க்கு உரிய அதே மாலை மரியாதையை, அந்தப் பணி முடிந்தபின் அவருக்கும் செய்ய வேண்டும். துடைப்பம் பிடித்த கைக்குத் தேர்வடம் பிடித்த கைக்குரிய மதிப்பைக் கொடுத்தால், 'திருவலகு' என்ற சொல் மீண்டும் உயிர் பெறும்.

இந்த உபயத்தை ஏற்ற குழு விழாவுக்கு முன்பே சிலவற்றை முடிவு செய்யும் உரிமை பெற வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர்க் குவளைகள் வைக்கலாம். கழுவ நான்கு இளைஞர்கள் போதும். நடந்து வருவோர் தத்தம் நீர்ப்புட்டியைக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளலாம். தேங்காய் உடைக்க வரையறுத்த இடத்தில் ஒரு தொட்டி வைத்தால், பருப்பு சமையலுக்கும் ஓடும் மட்டையும் எரிபொருளுக்கோ உரத்துக்கோ போகும். பாலை அளவோடு ஆட்டி, மீதியை அடியவர்க்கு வழங்கலாம். பூவும் இலையும் தனியே சேர்ந்தால் ஆலய வளாகத்திலேயே உரக்குழி அமைக்கலாம். நிர்மாலியத்திற்கு அதைவிடத் தூய இடம் ஏது? இவற்றில் எதுவும் சடங்கின் ஓர் அங்கத்தையும் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, தோட்டத்திலேயே பிறந்து, ஆலயத்தின் நிழலிலேயே வளர்ந்தவை. ஒவ்வொரு பள்ளியும் தன் அருகிலுள்ள ஓர் ஆலயத் திருவிழாவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். விழாவின் மறுநாள் மாணவர்கள் கையுறை அணிந்து, கழிவுகளை வகைபிரித்து, எடைபோட்டு, அட்டவணையிடட்டும். நெகிழி எத்தனை கிலோ, தேங்காய் ஓடு எத்தனை, மக்கும் பொருள் எத்தனை என்று பதியட்டும். கணிதப் பாடம் அங்கே இருக்கிறது, அறிவியல் இருக்கிறது, அந்த அட்டவணையை வைத்து ஆலயத் தலைவருக்கு ஒரு மடல் எழுதினால் தமிழ்ப்பாடமும் இருக்கிறது. குற்றச்சாட்டு மடலாக அது அமைய வேண்டாம். அடுத்த ஆண்டு என்ன செய்யலாம் என்று பணிவோடு கேட்கும் மடலாக அமையட்டும். மறு ஆண்டும் அதே விழாவை எடைபோடுங்கள். எண் குறைந்தால் அது மாணவர்களின் வெற்றி. குறையாவிட்டால் அடுத்த மடலுக்குப் பொருள் கிடைத்தது.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியரிடம் தோட்டத்துத் திருவிழாவைப் பற்றிக் கேளுங்கள். பந்தலை யார் போட்டார்கள், யார் பிரித்தார்கள், இலையை எங்கே போட்டார்கள், அண்டாவை யார் கழுவினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களோடு நூற்றுக்கணக்கான சொற்களும் போய்விடும். அச்சொற்களைச் சேகரிப்பது மொழிப்பணி; அவை சுட்டும் செயல்களை ஒவ்வொன்றாக மீட்டெடுப்பது உழவாரப்பணி. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் வாய்ப்பு உங்கள் தலைமுறைக்கே இருக்கிறது.

அவையோரே, துன் சம்பந்தன் காலத்தில் நம் பாட்டாளிகள் மாதந்தோறும் ஒதுக்கிய சிறு தொகை, தோட்டம் வாங்கும் அளவுக்கு வளர்ந்ததைக் கண்டோம். ஆளுக்குச் சிறிது கூட்டினால் பெரிது உருவாகும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி. திருவிழாவின் முடிவில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ஒதுக்கினால், விடியுமுன் வரும் துப்புரவுத் தொழிலாளிக்கு அன்று கூட்டுவதற்கு ஒன்றும் மீதமிராது. அவரையும் அழைத்து, பந்தியில் முதல் இலை போட்டு, நம்மோடு உட்கார வைத்து உண்ணச் செய்வோம். அன்றைய அன்னதானம் முழுமை பெறும்.